நிறுத்த கணக்கை எமக்கும் வாசித்துக் காட்டுங்கள்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் எந்தப் பெண்ணையும் கவனித்துப் பாருங்கள். தராசின் மீது கண் வைக்காமல் கொழுந்தை இறக்கமாட்டார். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தபின் கணக்கப்பிள்ளை சொல்லும் கிலோவை மனதுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்ப்பார். மாதக் கடைசியில் சம்பளத் துண்டு கைக்கு வந்ததும், வாசிக்கத் தெரியாத தாயும் அதைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். பேர் விழுந்த நாள் சரிதானா, எந்த நாளுக்கு அரைப்பேர் போட்டிருக்கிறார்கள், சங்கச் சந்தா எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். ஒரு கிலோ குறைந்தாலும் அடுத்த நாள் மலையில் அது பேச்சாகும். எங்கள் சங்கங்கள் நடத்திய போராட்டங்களில் பாதி இந்தக் கணக்கைப் பற்றியவைதான்.

ஆனால் இன்னொரு தராசும் எம்மை நிறுக்கிறது. அதன் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாம் ஒருநாளும் பார்ப்பதில்லை.

படிவமும் கையுமாக லயத்துக்கு வருகிறவர்களைத்தான் சொல்கிறோம். அரசசார்பற்ற நிறுவனங்கள், அறக்கட்டளைகள், தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகள் என்று பலர் வருகிறார்கள். வீட்டில் எத்தனை பேர், மலசலகூடம் உண்டா, பிள்ளையின் நிறை என்ன, கடன் எவ்வளவு, கணவர் குடிப்பாரா, அடிப்பாரா என்று கேட்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி, அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் இந்தக் கேள்விகள் வரும். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும் என்பது கேட்பவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் நேரமில்லை. பதில் எழுதப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது, ஒப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்கப்படுகிறது. அதன் பின் அந்தத் தாள் எங்கே போகிறது?

அந்தத் தாள் போய்ச் சேர்ந்த இடத்தை ஒருதடவை நாம் தற்செயலாகப் பார்க்க நேர்ந்தது. நாம் நன்றாக அறிந்த ஒரு டிவிசனைப் பற்றிய அறிக்கை அது. முழுவதும் ஆங்கிலத்தில், வழுவழுப்பான தாளில் அச்சிட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் தப்பிவிடுவார்கள். அந்த டிவிசனின் எல்லாக் குடும்பங்களுக்கும் குடிநீர் கிடைத்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. அட்டையில் குழாயடியில் சிரித்தபடி நிற்கும் ஒரு தாயின் படம். நாம் அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டினோம். "இது எப்ப எடுத்தது?" என்றார் முதலில். பிறகு, "என்ன எழுதியிருக்கு?" என்றார். தமிழில் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொழா வந்துருச்சின்னுதான் சொன்னேன். தண்ணி வருதுன்னு நான் சொல்லலையே" என்றார்.

குழாய் போட்டது உண்மை. எத்தனை வீட்டுக்குப் போட்டார்கள் என்ற எண்ணும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாசி, பங்குனியில் ஊற்று வற்றினால் அந்தக் குழாயில் காற்றுத்தான் வரும். பெண்கள் பழையபடி பீலிக்குத்தான் குடத்துடன் போகிறார்கள். குழாயை எண்ணியவர்கள் தண்ணீரை எண்ணவில்லை. அறிக்கையில் இருந்த எண் சரி, வசனம் பொய்.

இதை நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த அறிக்கைக்குப் பின் அந்த டிவிசன் தண்ணீர் தேவைப்படும் இடங்களின் பட்டியலில் கீழே போகும். அடுத்த நிதி வேறு தோட்டத்துக்குப் போகும். தோட்ட நிர்வாகமும், "உங்களுக்குத்தான் தண்ணீர் கொடுத்தாயிற்றே" என்று சொல்லும். எம்மைப் பற்றி எழுதப்படும் தவறான எண், செக்ரோலில் விழாத பேரைப் போன்றது. நட்டம் எமக்குத்தான்.

நாம் புள்ளிவிபரத்துக்கு எதிரானவர்கள் அல்லர். எதிராக இருக்கவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 100க்கு 17 பேர் என்றது. தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர். தோட்டத்துறையைத் தனியாகப் பிரித்துக் கணக்கிடாமல் விட்டிருந்தால் எங்கள் 32, நாட்டின் 17க்குள் மறைந்து போயிருக்கும். பாடசாலையில் முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாலே எமக்குத் தெரிவதை, கொழும்பில் ஒருவரும் மறுக்க முடியாதபடி சொன்னது அந்த எண்தான். மேடைகளில், மனுக்களில், சம்பளப் பேச்சுவார்த்தைகளில் அதை நாம் பயன்படுத்தியிருக்கிறோம். இனியும் பயன்படுத்துவோம்.

அதே ஆய்வின் 2006/07 சுற்றில் தோட்டப்புறத்துக்கான எண் 40. பத்து வருடத்தில் 40 என்பது 32 ஆகியிருக்கிறது. நல்ல செய்திதான். இந்த எட்டு யாருடைய உழைப்பு? பிள்ளைக்காம்பராவில் உணவு கொடுத்தவர்கள் தம்முடையது என்பார்கள். போஷாக்கு வகுப்பு நடத்தியவர்கள் தம்முடையது என்பார்கள். திரிபோஷ பக்கெட்டைச் சுமந்துகொண்டு மேட்டு லயம் வரை ஏறிய குடும்பநல உத்தியோகத்தர் அறிக்கை எழுதுவதில்லை. கொழும்பில் வீட்டுவேலை செய்தும் மத்திய கிழக்குக்குப் போயும் பணம் அனுப்பிய அக்காமாரும் எழுதுவதில்லை. பத்து நிறுவனங்கள் ஒவ்வொன்றும் அந்த எட்டையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டால் கூட்டுத்தொகை எண்பது வரும். தாம் வராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்லாதவரை, ஒரு நிறுவனம் தனது சாதனை என்று சொல்வதை நாம் பாதிதான் நம்பலாம்.

அளக்கும் கோல் மாறினாலும் எண் மாறும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் 2016இல் தோட்டத்துறையில் வறியவர்கள் 100க்கு 8.8 பேர். 2019இல் 100க்கு 33.8 பேர். மூன்று வருடத்தில் தோட்டங்கள் நான்கு மடங்கு வறுமையில் விழுந்துவிட்டனவா? இல்லை. 2016இல் ஒருவருக்கு மாதம் 4,166 ரூபா இருந்தால் அவர் வறியவர் அல்லர். 2019இல் புதிய முறையில் வறுமைக் கோட்டை மீளக் கணித்தபோது அது 6,966 ரூபாவானது. மாற்றத்தின் பெரும்பகுதி கோடு மாறியதால் வந்தது. பழைய கோட்டின்படி "தோட்டப்புற வறுமை ஒழிகிறது" என்று அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் எழுதினார்கள்! 8.8 என்ற எண்ணுக்குள் வராமல், கோட்டுக்குச் சற்று மேலே நின்ற குடும்பங்கள் அன்றும் கடைக் கொப்பியில் கடன் எழுதித்தான் மாவு வாங்கின.

தோட்டத்துறை என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 20 ஏக்கருக்கு மேற்பட்டதும், குறைந்தது பத்துத் தொழிலாளர் வசிப்பதுமான தோட்டங்களைத்தான் திணைக்களம் அப்படி எண்ணுகிறது. துண்டு துண்டாகிச் சிறுதோட்டமான காணிகளில் கொழுந்து பறிக்கும் எம்மவர்களும், லயத்தை விட்டு நகரத்து வாடகை அறைக்குப் போனவர்களும் அந்த எண்ணில் இல்லை.

உதவி செய்ய வருகிறவர்கள் ஏன் இப்படிக் கணக்கு எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நாம் நினைக்கவில்லை. பணம் கொடுப்பவர் தூரத்தில் இருக்கிறார். அவருக்கு மலையும் தெரியாது, லயமும் தெரியாது. ஆகவே அவர் எண் கேட்கிறார். எளிதில் எண்ணக்கூடியவை எவை? கொடுத்த பொருள், நடத்திய கூட்டம், வந்தவர்களின் ஒப்பம். முப்பது பெண்கள் நான்கு பயிற்சிக்கு வந்தால், வரவுத்தாள் நான்கையும் கூட்டி 120 பெண்கள் பயனடைந்தார்கள் என்று எழுதலாம். யாரும் பொய் சொல்லவில்லை, கூட்டல்தான் செய்தார்கள். அந்த முப்பது பேரில் பயிற்சிக்குப் பின் எத்தனை பேர் தம் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தார்கள், எத்தனை பேர் சம்பளத்தைத் தம் கையில் வாங்குகிறார்கள் என்று பார்க்க இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். கருத்திட்டம் பதினெட்டு மாதத்தில் முடிந்துவிடும்.

படிவம் கொண்டுவரும் தம்பி தங்கையர் யார்? பலர் எங்கள் லயங்களில் பிறந்து, எங்கள் பாடசாலைகளில் உயர்தரம் படித்து, ஒப்பந்த வேலைக்குப் போனவர்கள். மாதத்துக்கு இத்தனை வீடு, இத்தனை படிவம் என்று அவர்களுக்கும் இலக்கு இருக்கிறது. இலக்குக் குறைந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அவர்களும் கிலோவுக்குத்தான் பறிக்கிறார்கள். அவர்கள் மீது கோபப்பட்டுப் பயனில்லை. உட்காரவைத்து ஒரு தேத்தண்ணீர் கொடுத்துவிட்டே கேள்வி கேளுங்கள்.

இது எங்கள் நாட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. தென்னாபிரிக்காவில் தொடங்கிய ஒரு திட்டம் உலகப் புகழ் பெற்றது. பிள்ளைகள் சுற்றி விளையாடும் இராட்டினத்தை நிலத்தடி நீர்ப் பம்பியோடு இணைத்தார்கள். பிள்ளைகள் விளையாட, தொட்டியில் தண்ணீர் நிறையும். பிளேபம்ப் என்று பெயர். 4,000 பம்பிகளை அமைத்து ஒரு கோடி மக்களுக்குத் தண்ணீர் கொடுப்போம் என்று 2006இல் அறிவித்தார்கள். அமெரிக்க அரசும் பணம் கொடுத்தது. சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள் எங்கும் வந்தன. பிறகு இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை ஒரு சின்னக் கணக்குப் போட்டது. சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணித்தியாலம் விளையாட வேண்டும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரத்தில் பெண்கள்தான் அந்த இராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். பழைய கைப்பம்பியே நல்லது என்றவர்களும் உண்டு. இரண்டு மூன்று கிராமங்களில் அந்தப் பெண்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் இந்தக் கணக்குக்குப் பத்திரிகை தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் எண்ணும் வேலையை எப்படிச் செய்வது? எமக்கு மிகவும் பிடித்த உதாரணம் இந்தியாவின் ராஜஸ்தானில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு மே தினத்தன்று அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு உருவானது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் போன்றவர்கள் ஒரு சிறு கிராமத்தில் குடியிருந்து அதைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலைகளில் ஆட்களுக்கு முழுக்கூலி கொடுக்கப்படவில்லை என்பதுதான் பிரச்சினை. அதிகாரிகளோ, எல்லாம் கொடுத்தாயிற்று, பதிவேட்டில் இருக்கிறது என்றார்கள். அந்தப் பதிவேட்டுக்கு அங்கே மஸ்டர் ரோல் என்று பெயர். எங்கள் செக்ரோல் போலத்தான்.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் அவர்கள் செய்தது ஒரே ஒரு காரியம். ஊர் மக்களைக் கூட்டி, அந்தப் பதிவேட்டைச் சத்தமாக வாசித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, கூட்டத்திலிருந்தவர்கள் எழுந்து பேசினார்கள். அந்த வேலைக்கு நான் போகவேயில்லை என்றார்கள். அவர் செத்துப் போய்விட்டாரே என்றார்கள். கட்டி முடித்ததாக எழுதியிருந்த கட்டடத்துக்குக் கூரை இல்லை என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள்தான் அன்று கணக்குப் பரிசோதகர்கள். அந்தப் பொது விசாரணைகளிலிருந்து எழுந்த கோரிக்கைதான் வளர்ந்து 2005இல் இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது. அதே ஆண்டில் வந்த கிராமப்புற வேலை உறுதிச் சட்டத்திலும், கணக்கை ஊர் மக்களே பரிசோதிக்கும் முறை எழுதப்பட்டது.

எங்கள் கோரிக்கையும் அதுதான். எம்மைப் பற்றி எழுதுங்கள், ஆனால் மேலே அனுப்புவதற்கு முன் எமக்கு வாசித்துக் காட்டுங்கள். தமிழில், அந்த டிவிசனிலேயே, வேலை முடிந்து எல்லோரும் வரக்கூடிய நேரத்தில். பிள்ளைக்காம்பராவிலோ கோயில் முற்றத்திலோ வைத்து வாசியுங்கள். பிழை என்று யாராவது எழுந்து சொன்னால் அதையும் அறிக்கையில் சேருங்கள். நல்ல நிறுவனத்துக்கு இது பாரமாக இருக்காது. உண்மையில் அவர்களுக்கு இதைவிட மலிவான பரிசோதனை வேறு கிடையாது.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது என்பது பல தலைவர்மாருக்குத் தெரியாது. எங்கள் நாட்டின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரதேச செயலகமும் திணைக்களங்களும் மட்டுமே அதற்குக் கட்டுப்பட்டவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, அதற்குள் வருகின்றன. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எமது தோட்டத்தில் எத்தனை குழாய் போட்டீர்கள், எவ்வளவு செலவு, எத்தனை குடும்பம் பயனடைந்ததாக எழுதினீர்கள், ஒரு வருடம் கழித்து வந்து பார்த்தீர்களா என்று கேட்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

படிவம் வரும் நாளிலும் கேட்கலாம். யாருக்காக இது, பதிலை யார் பார்ப்பார்கள், எங்கள் பெயர் அதில் இருக்குமா, அறிக்கை எப்போது எமக்குக் கிடைக்கும்? குடும்பச் சண்டை பற்றிய கேள்விகளை வாசலில் வைத்துக் கேட்க அனுமதிக்காதீர்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அப்படிச் சொன்னதற்காக நிவாரணப் பட்டியலில் பெயர் வெட்டப்பட்டால் மாதர் தலைவிமார் உடனே காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளைகளின் படம் எடுப்பதைப் பற்றிப் பாடசாலைகளிலும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். கிழிந்த சப்பாத்துடன் நிற்கும் பிள்ளையைத் தேடிப் பிடித்துப் படம் எடுப்பது, அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் வகுப்பில் என்ன பட்டப்பெயர் வரும் என்று தெரியாதவர்கள் செய்யும் வேலை.

இவ்வளவும் எழுதிவிட்டு எமது வீட்டுக் கணக்கைப் பாராமல் விடுவது நியாயமல்ல. தொழிற்சங்கங்கள் எண்களைப் பெருப்பிப்பதில் யாருக்கும் சளைத்தவை அல்ல. மே தின ஊர்வலத்தில் எத்தனை ஆயிரம் பேர் என்று நாம் சொல்லும் கணக்கை எண்ணியவர் யார்? சந்தா வெட்டுப்படும் பெயர்களை அங்கத்தவர் தொகை என்கிறோம். ஒரு வருடமாக ஒரு கூட்டத்துக்கும் வராதவரும், சங்கம் மாறப் போவதாக அறிவித்தவரும் அதில் இருக்கிறார்கள். இந்த மடலிலேயே "இத்தனை பிணக்குகள் கையாளப்பட்டன" என்று பலதடவை எழுதியிருக்கிறோம். கையாண்டது என்றால் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. தொழிலாளிக்கு வரவேண்டியது வந்ததா என்பது வேறு கணக்கு. குழாயை எண்ணித் தண்ணீரை எண்ணாமல் விட்டவர்களை விட நாம் எந்த வகையில் மேல்?

ஆகவே அடுத்த இதழிலிருந்து பிணக்குகளை நான்காகப் பிரித்து எழுதப் போகிறோம். வந்தவை, வென்றவை, தோற்றவை, இன்னும் இழுபடுபவை. தோற்றவற்றின் தொகை சிறியதாக இருக்காது என்று இப்போதே தெரியும். காரியாலயத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மற்றச் சங்கத்துக்காரர் எடுத்துப் பேசுவார்கள் என்கிறார்கள். பேசட்டும்.

தோட்டக் கமிட்டிகளிடமும் ஒரு வேலை கேட்கிறோம். ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கொப்பி வைத்திருங்கள். தையிலிருந்து சித்திரை வரை லயத்துக் குழாயில் தண்ணீர் வந்த நாட்களுக்கு ஒரு புள்ளடி, வராத நாட்களுக்கு ஒரு வட்டம். வேறொன்றும் எழுத வேண்டாம். ஏழாம் எட்டாம் தரம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒழுங்காகச் செய்யும். மாதம் ஒருமுறை சந்தாக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசியுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்துங்கள். அடுத்தமுறை யாராவது குடிநீர் பற்றிக் கேட்டு வந்தால் அந்தக் கொப்பியைக் காட்டி, அதன் பிரதியை அறிக்கையோடு இணைக்கச் சொல்லுங்கள். வைகாசி மாவட்டக் கூட்டத்துக்கு வரும் தலைவர்மார் தம் டிவிசன் கொப்பியைக் கையோடு கொண்டுவர வேண்டும். கொப்பி வாங்கக் கமிட்டிப் பணம் இல்லாதவர்கள் காரியாலயத்தில் பெற்றுக்கொள்ளலாம்.